கடை மூடும் நேரத்தைக் கேளுங்கள்

அன்புவழிபுரத்துக் கிராம அபிவிருத்திச் சங்கத்தாருக்கும், மாதர் சங்கத்து அக்காமாருக்கும், கோயில் பரிபாலன சபையினருக்கும், விளையாட்டுக் கழகங்களின் தம்பிமாருக்கும்,



ஊரில் ஒரு அடிதடி நடந்தால், கத்திக்குத்து நடந்தால், ஒருத்தி மண்டை உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், அடுத்த நாள் நாங்கள் கதைக்கிற கதை ஒரே இடத்தில் போய் நிற்கிறது. "வெறியில செய்துபோட்டான்." அதற்கு மேல் கேள்வி இல்லை. ஆளைத் திட்டுகிறோம், பெற்றவளை நினைத்து இரங்குகிறோம், பொலிசுக்குப் போவதா விடுவதா என்று யோசிக்கிறோம். அவன் குடித்தது எங்கே வாங்கிய சாராயம், எத்தனை மணிக்கு வாங்கியது, அந்த நேரத்தில் விற்க அந்தக் கடைக்கு அனுமதி இருந்ததா என்று எந்தக் கூட்டத்திலும் ஒருவர் எழும்பிக் கேட்டதை நான் காணவில்லை. அதைக் கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

குடிப்பது அவனவன் சொந்த விஷயம் என்று வாதாடலாம். விற்பது அப்படியல்ல. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்த நாளிலிருந்து, சாராய வியாபாரம் அரசாங்கம் கொடுக்கிற அனுமதிப்பத்திரத்தில்தான் நடக்கிறது. எத்தனை கடை, எந்தச் சந்தியில், பாடசாலைக்கும் கோயிலுக்கும் எவ்வளவு தள்ளி, எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்குப் பூட்டுவது, போத்தலுக்கு என்ன வரி, எந்த வயதுக்காரனுக்குக் கொடுக்கலாம் என்பதெல்லாம் கந்தோர்களில் முடிவாகிறது. அந்த முடிவுகள் மாறுகிறபோது தெருவில் ஓடும் இரத்தத்தின் அளவும் மாறுகிறது. உலகத்தில் பல இடங்களில் இதைக் கணக்குப் பார்த்து நிறுவியிருக்கிறார்கள்.

பிரேசிலில், சாவோ பாவுலோ பெருநகரை ஒட்டி, தியாடெமா என்று ஒரு தொழிற்சாலை நகரம் இருக்கிறது. 1999இல் அங்கே ஒரு இலட்சம் பேருக்கு 103 கொலைகள் நடந்தன. இலங்கையில் அந்த எண் இரண்டு, மூன்று என்ற அளவில்தான் நிற்கிறது என்றால் அங்கே நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். அந்த நகரத்தவர்கள் ஒரு வேலை செய்தார்கள். கொலைகாரர்களின் குணத்தை ஆராயாமல், கொலை நடந்த நேரத்தையும் இடத்தையும் எடுத்து வரிசைப்படுத்தினார்கள். பெரும்பகுதி இரவு 11 மணிக்கும் விடிகாலை 6 மணிக்கும் இடையில், குடிக்கிற கடைகளுக்குள்ளும் அவற்றைச் சுற்றியும் நடந்திருந்தது. கடைகளில் பல இரவு முழுக்கத் திறந்து கிடந்தன. 2002 ஜூலையில் நகரசபை ஒரு சட்டம் கொண்டுவந்தது: இரவு 11 மணிக்குக் கடை மூட வேண்டும், காலை 6 மணிக்கு முன் திறக்கக் கூடாது. சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே கடைக்காரர்களைத் தேடிப் போய் அறிவித்தார்கள். மீறினால் முதலில் எச்சரிக்கை, பிறகு தண்டப்பணம், பிறகு அனுமதி இரத்து.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஏறக்குறைய 9 கொலைகள் குறைந்தன என்று 2007இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அந்தக் காலத்தில் வேறு காரணங்களாலும் கொலைகள் குறைந்துகொண்டிருந்தன. அந்தப் போக்கைக் கழித்துவிட்டுப் பார்த்த கணக்கு இது. மாதத்துக்கு 9 பேர் என்றால் வருஷத்துக்கு நூறு வீட்டுக்கு மேல் சாவு இல்லை. குடியை யாரும் தடைசெய்யவில்லை. கடை மூடுகிற நேரம்தான் மாறியது.

அவுஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுக நகரத்திலும் இதே கதைதான். நம்மைப் போலத் துறைமுகத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. 2008இல் அங்கே நள்ளிரவுக்குப் பிறகு திறந்திருக்கும் மதுச்சாலைகளின் மூடும் நேரத்தை விடிகாலை 5 மணியிலிருந்து 3.30க்கு இறக்கினார்கள். இரவுநேரத் தாக்குதல்கள் 37 வீதம் குறைந்தன. நோர்வேயில் 18 நகரங்களை எடுத்துப் பார்த்தவர்கள், மூடும் நேரத்தை ஒரு மணித்தியாலம் தள்ளினால் தாக்குதல் சுமார் 16 வீதம் கூடுகிறது, முந்தினால் அதே அளவு குறைகிறது என்று கண்டார்கள். பணக்கார நாடு, ஏழை நாடு என்ற பேதம் இதில் இல்லை.

"அதெல்லாம் உட்கார்ந்து குடிக்கிற கடைகள், எங்கட சனம் போத்தலை வாங்கிக்கொண்டு போய்க் குடிக்கிற சனம்" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஜேர்மனியின் பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 2010 மார்ச்சிலிருந்து 2017 வரை இரவு 10 மணிக்குப் பிறகு கடைகளில் போத்தல் விற்கக் கூடாது என்று தடுத்தார்கள். குடிவெறியோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்ட இளையவர்களின் தொகை சுமார் 7 வீதம் இறங்கியது. ஏழு வீதம் சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஒரு பாடசாலைப் பிள்ளையைக்கூட அறிவுரைக் கூட்டத்துக்குக் கூப்பிடாமல், கடை நேரத்தை மட்டும் மாற்றிக் கிடைத்த ஏழு அது.

நம் ஊருக்கு வருகிறேன். சனிக்கிழமைப் பின்னேரம் மேசன் வேலைக்காரருக்கும் கூலிக்குப் போகிறவர்களுக்கும் கிழமைச் சம்பளம் கைக்கு வருகிறது. கண்டி வீதியில் பஸ்ஸால் இறங்குகிறவர்களில் பாதிப்பேர் நேரே வீட்டுக்குத்தான் வருகிறார்கள். அவர்களை நாம் மறந்துவிடக் கூடாது. மற்றப் பாதி நாலு பேராய்ச் சேர்ந்து ஓட்டோவில் போய் முதல் போத்தலை வாங்குகிறது. அது களைப்புக்கு. அந்தப் போத்தல் முடிகிறபோது பழைய காணிக்கதை, கடன்கதை, யாரோ யாருடைய தங்கச்சியைப் பார்த்த கதை எல்லாம் வெளியே வருகிறது. அப்போது ஒருவன் மணியைப் பார்க்கிறான். கடை பூட்ட அரை மணி இருக்கிறது. கூட்டத்தில் ஆக இளையவனிடம் மோட்டார் சைக்கிளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஊரில் நடக்கிற அநேகமான சண்டைகள் அந்த இரண்டாவது போத்தலுக்குப் பிறகுதான்.

பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். "இன்னொண்டு எடுக்கப் போட்டாங்கள்" என்று செய்தி வந்தால், பிள்ளைகளை அம்மம்மா வீட்டில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுப்படிக் கத்தியைத் துணியில் சுற்றி அரிசி வாளிக்குள் இறக்கி வைக்கிறவர்களை நான் அறிவேன். அவர்கள் ஒரு ஆய்வும் படித்ததில்லை. கடை பூட்டுகிற நேரத்துக்கும் தங்கள் உடம்பில் விழுகிற அடிக்கும் உள்ள தொடர்பு அவர்களுக்கு மனப்பாடம். அந்த அக்காமாரிடம் சங்கங்கள் கேட்டறிய வேண்டியது நிறைய இருக்கிறது.

வீட்டு வன்முறையைப் பற்றி ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தியாடெமாவில் தெருக் கொலைகள் தெளிவாகக் குறைந்தன. பெண்கள் மீதான தாக்குதல் குறைந்ததை அந்த அளவுக்கு உறுதியாக நிறுவ முடியவில்லை. காரணம் விளங்கக்கூடியதே. மனைவியை அடிக்கிறவன் குடிக்காத நாளிலும் அடிக்கிறான். குடி அவனுக்குக் கையைப் பாரமாக்குகிறது, அடுத்த நாளுக்குச் சாட்டும் கொடுக்கிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நலன் பற்றிய ஆய்வில், இணையரோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்த இணையரிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையை வாழ்நாளில் அனுபவித்திருக்கிறார் என்று தெரியவந்தது. 2015ஆம் ஆண்டளவில் எடுத்த சுகாதார அமைச்சின் அளவீட்டின்படி ஆண்களில் மூன்றில் ஒருவர்தான் குடிப்பவர். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. குடிப்பது ஒரு பகுதியினர், அடிவாங்குவது இன்னொரு பகுதியினர். ஆனால் குடிக்காத நாளிலும் அடி விழுகிறது, ஆகவே கடைநேரத்தைக் குறைத்தால் வீட்டுச் சண்டை ஓய்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம். 1938 என்ற இலக்கத்துக்கு அழைத்து உதவி கேட்கலாம். மாதர் சங்கத்து அக்காமார் இந்த இலக்கத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டும். மத்தியஸ்த சபையில் இருக்கிற பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "பாவம், வெறியில செய்தவன்" என்ற சாட்டை ஏற்க வேண்டாம். தானாகக் குடித்தவனின் வெறி குற்றத்திலிருந்து விடுதலை தராது என்று 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையே சொல்கிறது. ஊர்ப் பஞ்சாயத்து சட்டத்தைவிட இரக்கம் காட்டப் போனால் அந்த இரக்கத்தின் செலவை அவன் மனைவி கட்டுகிறாள்.

இனி எல்லாக் கூட்டத்திலும் எழும்புகிற மறுப்புக்கு வருவோம். "கடையை இறுக்கினால் கசிப்பு வரும்." இதைச் சாராய முதலாளி சொன்னால் நான் காது கொடுக்க மாட்டேன். ஆனால் நம் ஊர்த் தாய்மாரும் இதையே பயந்து சொல்கிறார்கள், அதனால் முழுப் பதில் தேவை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைகள் பூட்டப்பட்டபோது நாடு முழுக்கக் கசிப்புக் காய்ச்சுவது பெருகியது, மே 13ஆம் திகதி கடை திறந்தபோது வரிசை வீதி நீளத்துக்கு நின்றது. பீகாரில் 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்கு வந்தது. 2024இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, அந்த விலக்கினால் சுமார் 21 இலட்சம் பெண்கள் இணையரின் வன்முறையிலிருந்து தப்பியிருப்பார்கள் என்று மதிப்பிட்டது. அதே பீகாரின் சாரண் மாவட்டத்தில் 2022 டிசம்பரில் கள்ளச் சாராயம் குடித்து எழுபதுக்கு மேற்பட்டோர் செத்ததாகச் செய்தி வந்தது. இரண்டும் உண்மை.

ஆனால் தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே விலக்கு இல்லை. 2003இலிருந்து டாஸ்மாக் என்ற பெயரில் அரசாங்கமே சில்லறைக் கடை நடத்துகிறது. அப்படியிருந்தும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெதனோல் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கூலிக்காரர்களும் பெண்களும் அதில் அடக்கம். கடை பூட்டியதாலா அங்கே கள்ளச் சாராயம் ஓடியது? இல்லை. மலிவாகக் கிடைத்ததாலும், பிடிக்க வேண்டியவர்கள் பிடிக்காததாலும் ஓடியது. கடை இருந்தாலும் கசிப்பு இருக்கும், கடை இல்லாவிட்டாலும் இருக்கும். அதைப் பிடிப்பது தனி வேலை. கசிப்பைக் காட்டிக் கடைக்காரனுக்கு மணித்தியாலங்களைக் கூட்டிக் கொடுப்பதில் நியாயம் இல்லை. நான் முழு விலக்கும் கேட்கவில்லை. பூட்டவேண்டிய நேரத்தில் பூட்டு, விற்கக்கூடாதவனுக்கு விற்காதே, இருக்கிற கடைகளோடு இன்னொன்றைச் சேர்க்காதே என்பதுதான் என் கோரிக்கை.

அரசாங்கம் இதைத் தானாகச் செய்யும் என்று காத்திருக்க முடியாது. 2024இல் மதுவரித் திணைக்களம் ஈட்டிய வருமானம் 200 பில்லியன் ரூபாவுக்கு மேல். அந்த வருமானத்தின் ருசி தெரிந்த எந்தத் திறைசேரியும் கடையைக் குறைக்கத் தானாக முன்வராது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர, பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்ற 1979ஆம் ஆண்டுத் தடையை நீக்கினார். அதோடு சேர்த்துக் கடை திறந்திருக்கும் நேரத்தையும் நீட்டினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த வர்த்தமானி அறிவித்தலை மீளப்பெறச் செய்தார். அப்போது நாடு முழுக்க வாக்குவாதம் நடந்தது பெண்கள் வாங்கலாமா என்பதைப் பற்றி. நீட்டப்பட்ட மணித்தியாலங்களைப் பற்றிக் கதைத்தவர்கள் மிகக் குறைவு. அடிவாங்குகிற பெண்ணுக்கு அந்த இரண்டில் எது பெரிய விஷயம்?

2024இல் நடந்தது இன்னும் மோசம். தேர்தல் வருஷத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டிருந்தன என்று அந்த டிசம்பரில் சபை முதல்வர் பிமல் ரத்நாயக்க பாராளுமன்றத்தில் பட்டியல் வைத்தார். வடக்கும் கிழக்கும் அந்தப் பட்டியலில் இருந்தன. சனத்தொகை குறைந்த, போரில் எல்லாம் இழந்த கிளிநொச்சிக்குக் கிடைத்த பங்கைப் பார்த்து நம் சனம் கொதித்தது. அந்த அனுமதிகளுக்கு அரசியல்வாதிகளின் சிபாரிசு இருந்ததா என்பது மாதக்கணக்காகப் பேசப்பட்டது, பேசப்பட வேண்டியதும்தான். ஆனால் ஒரு கடை திறப்பதற்குப் பிரதேச செயலகத்தின் அறிக்கை வேண்டும், பொலிசின் அறிக்கை வேண்டும். அந்தக் கடதாசிகள் ஒவ்வொரு ஊர் வழியாகவும் நடந்துதான் கொழும்புக்குப் போயிருக்கின்றன. அந்த நேரத்தில் அந்த ஊர்ச் சங்கங்கள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தனவா?

நம் முன்னோர் கொடுத்தார்கள். 1904இலும் 1912இலும் எழும்பிய மதுவிலக்கு இயக்கங்கள் இந்த நாட்டின் சுதந்திர அரசியலுக்கே வழி வெட்டின. அதற்குப் பின்வந்த காலத்தில், ஒரு பகுதியில் தவறணை இருக்க வேண்டுமா வேண்டாமா என்று அங்குள்ளவர்களே வாக்களித்துத் தீர்மானிக்கும் முறை இலங்கையில் இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பல ஊர்கள் அப்படி வாக்களித்துத் தவறணைகளைப் பூட்டின. ஊருக்குக் கடை வேண்டுமா என்று ஊரைக் கேட்பது இங்கே புதிய யோசனை அல்ல. நம்மிடமிருந்து பறிபோன உரிமை.

நம் கையில் இன்றும் மிஞ்சியிருப்பவற்றை எடுத்துப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பிரஜை எவரும் அரச நிறுவனத்திடம் எழுத்தில் தகவல் கேட்கலாம். 14 வேலைநாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். பொலிசிடம் கேளுங்கள்: கடந்த மூன்று வருஷத்தில் நம் பகுதியில் பதிவான தாக்குதல், கத்திக்குத்து, வீட்டு வன்முறை முறைப்பாடுகள் எந்தக் கிழமை நாளில், எத்தனை மணிக்கு நடந்தன? ஆட்களின் பெயர் வேண்டாம், நாளும் நேரமும் போதும். மதுவரித் திணைக்களத்திடம் கேளுங்கள்: அன்புவழிபுரத்துக்குக் கிட்ட எத்தனை அனுமதிப்பத்திரம், எந்த வகை, எந்த நேரக் கட்டுப்பாடு, நேரம் மீறியதற்கு எத்தனை தடவை நடவடிக்கை? ஆஸ்பத்திரியிடம், தாக்கப்பட்டுக் கொண்டுவரப்பட்டவர்களின் தொகையை மணிவாரியாகக் கேளுங்கள். இந்த மூன்று கடதாசியையும் ஒரு மேசையில் வைத்தால் தியாடெமாக்காரர் கண்டதை நாமும் காண்போம். அல்லது வேறு எதையாவது காண்போம். அதுவும் தெரியத்தான் வேண்டும்.

அனுமதிப்பத்திரம் வருஷம்தோறும் டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிந்து புதுப்பிக்கப்படுவது. ஆகவே ஆட்சேபம் சொல்ல வருஷத்துக்கு ஒரு தடவை நமக்கு வாசல் திறக்கிறது. ஒக்டோபர், நவம்பரிலேயே பிரதேச செயலாளருக்கும் மதுவரி அத்தியட்சகருக்கும் சங்கங்களின் முத்திரையோடு கடிதம் போக வேண்டும். "கடை வேண்டாம்" என்ற வெறும் வசனம் வேலைக்கு ஆகாது. எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, நேரம் கடந்து பின்கதவால் விற்றார்கள், கடை பூட்டியிருக்க வேண்டிய எந்தப் போயா தினத்தில் விற்றார்கள், எப்போது 21 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொடுத்தார்கள் என்று எழுதினால்தான் பதில் சொல்லவேண்டிய கடமை அவர்களுக்கு வரும். 21 வயதுக்குக் கீழே விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டம் தடுக்கிறது. அந்த இரண்டாவது போத்தலுக்கு அனுப்பப்படுகிற பொடியனுக்கு எத்தனை வயது என்று நாம் எல்லோருக்கும் தெரியும்.

போயாவுக்கு முதல்நாள் போத்தல்களை அடுக்கி வாங்கி, அடுத்த நாள் வீட்டில் வைத்துக் கூட்டின விலைக்கு விற்கிறவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். அவர்கள் நம் அயலவர்கள், சில வேளை சொந்தக்காரர். கோயில் திருவிழாவுக்கு நன்கொடை தருகிறவர்களும் இருக்கலாம். பரிபாலன சபையினர் அந்தக் காசை வாங்குவதில்லை என்று ஒரு தீர்மானம் எடுத்தால் அதன் பலன் பொலிஸ் சோதனையைவிடப் பெரிதாக இருக்கும்.

விளையாட்டுக் கழகத் தம்பிமாரே, மெட்ச் வென்றால் போத்தல், தோற்றால் போத்தல் என்ற வழக்கத்தை நீங்கள்தான் நிறுத்த முடியும். அதேபோல், செத்த வீட்டில் இரவு விழித்திருப்பவர்களுக்குப் போத்தல் வாங்கிக் கொடுப்பது கடமை என்று யாரோ பழக்கிவிட்டார்கள். கடன் வாங்கி அதைச் செய்கிற விதவைகள் இருக்கிறார்கள்.

குடியை விட முடியாமல் கிடக்கிறவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. போரும் இடப்பெயர்வும் 2004 டிசம்பர்க் கடல்கோளும் கடந்து வந்த சனம் நாங்கள். அந்தக் காயங்களோடு குடி எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்று உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் நீண்டகாலமாக எழுதிவருகிறார்கள். இவர்களை அடித்து, பூட்டி வைத்து நிறுத்தப் பார்க்க வேண்டாம். நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்களை ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சங்கங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை முதல் விடயமாகப் போடுங்கள். எல்லாச் சங்கங்களும் சேர்ந்து ஐந்து பேரைத் தெரிவு செய்யுங்கள். அதில் மூவராவது பெண்களாக இருக்கட்டும். தகவல் கேட்கும் மூன்று விண்ணப்பங்களும் அந்தக் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்திடப்பட வேண்டும். விண்ணப்பம் எழுத நான் வருகிறேன். நவம்பர் முடியுமுன் ஆட்சேபக் கடிதம் பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

அன்புடன்,
அன்புவழிபுரத்துக் குடியிருப்பாளர் ஒருவர்